அப்பாவின் விழித்திரை வீக்கத்துக்கு லேசரா, ஊசியா? மொரீஷியஸில் அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்

பூபாசான் மலர்

எல்லோருக்கும் வணக்கம். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அப்பாவுக்கு 64 வயது. பஸ் ஓட்டிக்கொண்டிருந்தவர், இப்போது ஓய்வு. சர்க்கரை வந்து இருபது வருடத்துக்கு மேல் ஆகிறது, மாத்திரையோடு ராத்திரி இன்சுலினும் போடுகிறார். சில மாதங்களாகவே செய்தித்தாளை முகத்துக்குப் பக்கத்தில் வைத்துத்தான் படிப்பார், கண்ணாடி மாற்ற வேண்டியிருக்கும் என்று நினைத்தோம். அப்புறம் ஒரு நாள் இடது கண்ணைப் பொத்திக்கொண்டு பார்த்துவிட்டு, கதவு நிலை நடுவில் வளைந்து தெரிகிறது என்றார். கூட்டிக்கொண்டு போனால் வலது கண்ணில் மாக்குலாவில் நீர் கோர்த்து வீங்கியிருக்கிறதாம். விழித்திரையின் கனத்தை அளக்கும் ஓசிடி ஸ்கேனில் வலது 440 மைக்ரான், இடது 310. பார்வை வலது 6/18, இடது 6/6 (6/6 என்றால் நல்ல பார்வை).

பார்த்த ஒரு டாக்டர் லேசர் வைத்துவிடலாம் என்றார். இன்னொருவர் கண்ணுக்குள் ஊசி போட வேண்டும், மாதம் ஒன்று, எத்தனை என்று இப்போது சொல்ல முடியாது என்றார். சென்னையில் இருக்கும் சித்தி போனில், லேசரெல்லாம் பழைய காலத்து வைத்தியம், அதற்கு ஒத்துக்கொள்ளாதே, இங்கே வந்து ஒரேயடியாக முடித்துக்கொண்டு போங்கள் என்கிறார். அப்பாவோ, கண்ணுக்குள் ஊசி என்றதுமே எழுந்து வெளியே போய்விட்டார். அவருக்கு லேசர் ஒரு தடவை வைத்து முடித்தால் போதும். தனியாரில் மாதாமாதம் கட்ட முடியுமா என்ற கவலை எனக்கு. யாராவது இந்த வழியில் போயிருந்தால் சொல்லுங்கள். இன்னொன்று, வரும் தைப்பூசத்துக்குக் காவடி எடுப்பதாக வேண்டியிருக்கிறார், அதையும் யோசிக்க வேண்டும்.

கண்ணொளி

மலர், நான் கண் பிரிவில் செவிலியாகப் பல வருடம் இருந்தவள். அப்பாவை நான் பரிசோதிக்கவில்லை, அதனால் முடிவு உங்கள் டாக்டருடையதுதான். ஆனால் இரண்டு டாக்டர்கள் ஏன் இரண்டு விதமாகச் சொல்கிறார்கள் என்பதை விளக்க முடியும்.

விழித்திரையின் நடுவில் இருக்கும் சின்ன இடம் மாக்குலா. படிப்பது, முகம் அடையாளம் காண்பது, ஊசியில் நூல் கோர்ப்பது எல்லாம் அதனால்தான். பல வருடம் சர்க்கரை கூடியே இருந்தால் அங்கே உள்ள மெல்லிய ரத்தக்குழாய்களின் சுவர் பழுதாகி, ரத்தத்தில் உள்ள நீரும் கொழுப்பும் கசிகின்றன. கூடவே, ஆக்சிஜன் போதாத விழித்திரை விஇஜிஎஃப் என்ற புரதத்தைச் சுரக்கிறது. அது குழாய்களை இன்னும் கசிய வைக்கும். நடு மையத்தின் கனம் பெரும்பாலான கருவிகளில் 250, 270 மைக்ரான் அளவில்தான் இருக்க வேண்டும். அப்பாவின் வலது கண் 440 என்றால் நல்ல வீக்கம்.

லேசர் செய்வது என்னவென்றால், கசியும் புள்ளிகளைத் தேடித் தேடி மெல்லச் சுடுவது. 1985இல் வந்த ஈடிடிஆர்எஸ் என்ற பெரிய அமெரிக்க ஆய்வுதான் இதற்கு அடித்தளம். மூன்று வருடத்தில் பார்வை கணிசமாகக் குறைந்தவர்கள் லேசர் வைக்காத கண்களில் 24 சதவீதம், வைத்த கண்களில் 12 சதவீதம். அதாவது பாதியாகக் குறைந்தது. அந்தக் காலத்தில் இது எவ்வளவு பெரிய விஷயம் என்று அப்போது வேலை பார்த்தவர்களுக்குத் தெரியும். ஆனால் லேசர் பார்வை மேலும் போகாமல் காத்தது, போன பார்வையைத் திருப்பித் தந்தது அபூர்வம். வீக்கம் சரியாக நடு மையத்தில் இருந்தால் அங்கே சுடவும் முடியாது, சுட்டால் அந்த இடமே வடுவாகிவிடும்.

ஊசி அந்த விஇஜிஎஃப் புரதத்தைப் பிடித்துக் கட்டிப்போடுகிறது. கசிவு குறைந்து நீர் வடிகிறது, பலருக்குப் பார்வை ஏறவே செய்கிறது. 2010இல் வந்த ஆய்வில் 854 கண்களைப் பார்த்தார்கள். லேசர் மட்டும் வைத்தவர்கள் ஒரு வருடத்தில் எழுத்துப் பலகையில் சராசரியாக 3 எழுத்து கூடுதலாகப் படித்தார்கள், ரானிபிசுமாப் ஊசி போட்டவர்கள் 9 எழுத்து. அதற்குப் பிறகுதான் நடு மையம் வீங்கிப் பார்வையும் குறைந்திருந்தால் முதலில் ஊசி என்று உலகம் முழுக்க மாறியது. 6/18, 440 மைக்ரான், வீக்கம் நடு மையத்தில் என்றால், ஊசி சொன்ன டாக்டர் சொன்னதே இன்றைய முறை.

இடது கண்ணுக்கு அவசரம் வேண்டாம். அதற்கும் ஆய்வு இருக்கிறது, பிறகு எழுதுகிறேன்.

ரோஸ்ஹில் ரமணி

மலர், என் அம்மாவுக்கு இரண்டு கண்ணிலும் போட்டார்கள். உங்கள் அப்பா எழுந்து போனதில் ஆச்சரியமே இல்லை, அம்மாவும் முதல் நாள் அழுதார். அதனால் அந்த அறைக்குள் என்ன நடக்கிறது என்பதை அப்படியே சொல்கிறேன், அப்பாவுக்குப் படித்துக் காட்டுங்கள்.

முதலில் மரத்துப்போகச் சொட்டு மருந்து, சில நிமிடம் விட்டு விட்டு. பிறகு இமையையும் சுற்றியுள்ள தோலையும் பழுப்பு நிற அயோடின் கரைசலால் துடைத்து, கண்ணுக்குள்ளும் அதிலேயே ஒரு சொட்டு விடுவார்கள். எரிச்சல் என்று ஒன்று இருந்தால் அது இந்த அயோடினால்தான். முகத்தின் மேல் துணி போட்டு, இமை மூடாமல் இருக்கக் கம்பிக் கிளிப் வைப்பார்கள். அப்புறம் "மேலே பாருங்கள்" என்பார்கள். ஊசி வருவது கண் முன்னால் தெரியவே தெரியாது, கருவிழிக்கு 3.5, 4 மில்லிமீட்டர் தள்ளி வெள்ளையில்தான் இறங்குகிறது. முடி போல மெல்லிய ஊசி. ஒரு அழுத்தம், அவ்வளவுதான். அம்மா "முடிஞ்சிடுச்சா?" என்று கேட்டார்.

அதற்குப் பிறகு இரண்டு விஷயம் பயமுறுத்தும், முன்கூட்டியே சொல்லி வையுங்கள். பார்வையில் கறுப்பு வட்டங்கள் மிதக்கும், அது மருந்தோடு போன காற்றுக்குமிழி, ஒன்றிரண்டு நாளில் கரைந்துவிடும். இன்னொன்று, ஊசி இறங்கிய இடத்தில் வெள்ளையில் சிவப்பாக ரத்தம் படரலாம், பார்க்கக் கோரமாக இருக்கும், வலி இருக்காது, ஒரு வாரம் பத்து நாளில் தானே மறையும். அன்று சாயங்காலம் கண்ணில் மண் விழுந்த மாதிரி உறுத்தும், காலையில் சரியாகிவிடும்.

பம்ப்ளமூஸ் சிவா

இந்த அவாஸ்டின் ஊசியைப் பற்றி யாராவது நேர்மையாகச் சொல்லுங்கள். குடல் புற்றுநோய்க்குக் கொடுக்கும் மருந்து அது. பெட்டியிலேயே கண்ணுக்கு என்று போட்டிருக்காது. அதை நம் ஜனங்கள் கண்ணில் போடுகிறார்கள், விலை குறைவு என்பதற்காக. மாரடைப்பு வரும், பக்கவாதம் வரும் என்று படித்தேன். எனக்கும் சர்க்கரை இருக்கிறது, நாளைக்கு எனக்கும் இதையே நீட்டுவார்கள். என் மாமியார் நந்தியாவட்டைப் பூச்சாறும் தேனும் விட்டே கண்ணைக் காப்பாற்றி வைத்திருந்தார். முதலில் அதை ஏன் செய்து பார்க்கக் கூடாது?

கண்ணொளி

சிவா, நேர்மையாகவே சொல்கிறேன்.

அவாஸ்டின், அதாவது பெவசிசுமாப், 2004இல் புற்றுநோய்க்குத்தான் அனுமதி பெற்றது. லூசென்டிஸ், அதாவது ரானிபிசுமாப், அதே நிறுவனம் கண்ணுக்காக உருவாக்கிய நெருங்கிய உறவு மருந்து. லூசென்டிஸ் அமெரிக்காவில் வந்த புதிதில் ஒரு ஊசி சுமார் 2000 டாலர், அவாஸ்டினைப் பிரித்துப் போட்டால் சுமார் 50 டாலர். 2005இலேயே கண் மருத்துவர்கள் அவாஸ்டினைப் போட்டுப் பார்த்து, வேலை செய்கிறது என்று கண்டார்கள். உலக சுகாதார நிறுவனம் 2013இல் கண்ணுக்கான அத்தியாவசிய மருந்துப் பட்டியலிலேயே அதைச் சேர்த்தது. ஆகவே, பெட்டியில் போடவில்லை என்பது உண்மை, சோதிக்காத மருந்து என்பது உண்மையல்ல.

அளவையும் பாருங்கள். புற்றுநோய்க்கு உடல் எடையில் கிலோவுக்கு 5 மில்லிகிராம், 70 கிலோ ஆளுக்கு 350 மில்லிகிராம், நரம்பில் ஏற்றுகிறார்கள். கண்ணுக்குப் போடுவது மொத்தமே 1.25 மில்லிகிராம். அதிலும் கொஞ்சம் ரத்தத்தில் கலக்கத்தான் செய்யும், அதனால் சமீபத்தில் பக்கவாதமோ மாரடைப்போ வந்திருந்தால் டாக்டரிடம் கட்டாயம் சொல்ல வேண்டும், தள்ளிப்போடலாமா என்று அவர் முடிவு செய்வார். இது அவாஸ்டினுக்கு மட்டுமல்ல, இந்த வகை ஊசி எல்லாவற்றுக்கும் பொருந்தும்.

நீங்கள் பயப்பட வேண்டியது வேறு இடத்தில். புற்றுநோய்க்கான பெரிய குப்பியைத் திறந்து பல சிறு சிரிஞ்சாகப் பிரிக்கும்போது சுத்தம் தவறினால் கிருமி நேராகக் கண்ணுக்குள் போகும். 2016 தொடக்கத்தில் குஜராத்தில் அவாஸ்டின் போட்ட சிலருக்குக் கண் பாதிக்கப்பட்டு, இந்தியாவில் கண்ணுக்கு அவாஸ்டின் போடுவதையே கொஞ்ச காலம் நிறுத்தி வைத்தார்கள், பிறகு மீண்டும் அனுமதித்தார்கள். 2012இல் அமெரிக்காவில் மருந்தே இல்லாத போலி அவாஸ்டின் சந்தைக்குள் வந்தது. ஆகவே கேட்க வேண்டிய கேள்வி: எங்கே பிரிக்கிறீர்கள், எப்படி வைத்திருக்கிறீர்கள், தொகுதி எண் என் கோப்பில் எழுதப்படுகிறதா? இதைக் கேட்டால் எந்த நல்ல டாக்டரும் கோபப்பட மாட்டார்.

நந்தியாவட்டைச் சாறும் தேனும் தயவுசெய்து கண்ணில் விடாதீர்கள். கண்ணின் மேல் விடும் சாறும் தேனும் பின்சுவரில் உள்ள மாக்குலாவைக் குணப்படுத்தாது. ஆனால் கருவிழியில் புண்ணும் பூஞ்சையும் வரவழைக்கும். சர்க்கரைக்காரருக்கு அந்தப் புண் ஆறவும் தாமதமாகும். அப்படி வந்து ஒரு கண்ணை இழந்தவர்களை நான் வார்டில் பார்த்திருக்கிறேன். மாமியாருக்கு இந்த வீக்கம் இருந்திருக்காது, அதனால் கண் தப்பியது.

பம்ப்ளமூஸ் சிவா

சரி, தேன் விஷயம் புரிந்தது. ஆனால் விலை கூடின ஊசி உண்மையிலேயே மேலானதா என்று யாரும் சொல்லவில்லையே.

கண்ணொளி

அதற்கு நேரடியான பதில் உண்டு. 2015இல் அவாஸ்டின், லூசென்டிஸ், இதே வகையில் இன்னொரு மருந்தான ஐலியா (அஃப்லிபெர்செப்ட்) என்று மூன்று ஊசிகளையும் நேருக்கு நேர் வைத்துப் பார்த்தார்கள், 660 பேர். தொடக்கத்தில் பார்வை ஓரளவு நன்றாக, சுமார் 6/12 அல்லது அதற்கு மேல் இருந்தவர்களில் மூன்றுக்கும் வித்தியாசமே இல்லை, எல்லோரும் 8 எழுத்து அளவில் முன்னேறினார்கள். ஆனால் 6/15 அல்லது அதைவிடக் குறைவாக இருந்தவர்களில் ஒரு வருடத்தில் ஐலியா சுமார் 19 எழுத்து, லூசென்டிஸ் 14, அவாஸ்டின் 12. மலரின் அப்பா 6/18, அதாவது இரண்டாவது கூட்டத்தில் வருகிறார். அதனால் அவருக்கு ஐலியா கிடைத்தால் நல்லது என்று டாக்டர் சொல்லக்கூடும்.

கிடைக்காவிட்டால் கதை முடிந்தது என்று அர்த்தமில்லை. 2022இல் இன்னொரு ஆய்வு வந்தது. ஒரு குழுவுக்கு முதலிலிருந்தே ஐலியா. இன்னொரு குழுவுக்கு அவாஸ்டினில் தொடங்கி, போதிய பலன் இல்லாதவர்களை மட்டும் ஐலியாவுக்கு மாற்றினார்கள். இரண்டு வருட முடிவில் இரு குழுவின் பார்வையும் ஏறக்குறைய ஒன்றே. ஆனால் அவாஸ்டினில் தொடங்கிய கண்களில் 70 சதவீதம் நடுவில் மாற வேண்டியிருந்தது. பணம் இறுக்கமாக இருக்கும் குடும்பத்துக்கு இது நியாயமான வழி என்றே நான் நினைக்கிறேன், மாற்ற வேண்டிய நேரத்தில் தயங்காமல் மாற்றினால்.

சாந்தெனி வேலு

பக்கத்துத் தீவிலிருந்து எழுதுகிறேன். பாண்டிச்சேரியில் பிறந்து ரெயூனியனில் குடியேறியவன். இங்கே பிரான்சின் சமூகக் காப்பீடு. சர்க்கரையை நீண்டகால நோயாகப் பதிவு செய்திருந்தால் அது சம்பந்தப்பட்ட சிகிச்சைக்கு நூறு சதவீதம் அவர்களே கட்டுகிறார்கள், அதனால் மருந்து விலையைப் பற்றி யோசிக்க வேண்டியதில்லை. மொரீஷியஸ் சொந்தங்கள் விலை கேட்டுத் தவிப்பதைப் பார்க்கக் கஷ்டமாக இருக்கிறது. தீவு இரண்டிலும் சர்க்கரை ஒன்றுதான், குடும்பங்களும் ஒன்றுதான்.

யாரும் சொல்லாத மூன்றாவது வழி ஒன்றைச் சேர்க்கிறேன். என் மனைவிக்கு மாதாந்திர ஊசிகளுக்குப் பிறகும் நீர் முழுதாக வடியவில்லை. அவருக்கு ஏற்கெனவே கண்புரை அறுவை முடிந்திருந்தது. அதனால் ஸ்டீராய்டு வைத்த சின்னக் குச்சி ஒன்றைக் கண்ணுக்குள் செலுத்தினார்கள், ஓசர்டெக்ஸ் என்று பெயர், 0.7 மில்லிகிராம் டெக்சாமெதசோன். அது தானே கரைந்து மூன்று நாலு மாதம் வேலை செய்கிறது. வீக்கம் நன்றாக இறங்கியது. ஆனால் கண் அழுத்தம் ஏறியது, சொட்டு மருந்து விட்டுக் கட்டுப்படுத்தினோம். இயற்கை லென்ஸ் உள்ளவர்களுக்கு ஸ்டீராய்டு புரையைச் சீக்கிரம் கொண்டுவரும், குளுக்கோமா என்ற கண் அழுத்த நோய் உள்ளவர்களுக்கு ஆபத்து. அதனால்தான் இதை முதலில் கொடுப்பதில்லை. மாரடைப்பு வந்து தேறியவர்களுக்கும், மாதாமாதம் வர முடியாதவர்களுக்கும் டாக்டர்கள் இதை யோசிப்பார்கள்.

குவாத்ர்போர்ன் தமிழாசிரியர்

லேசர் பழைய காலத்து வைத்தியம் என்று மலரின் சித்தி சொன்னதாகப் படித்தேன். அதற்கு மட்டும் பதில் சொல்ல வேண்டும் என்று தோன்றியது.

எனக்கு 1990களில் இரண்டு கண்ணிலும் லேசர் வைத்தார்கள். இன்று எழுபதைத் தாண்டிவிட்டேன், இந்த வரிகளை நானே தட்டச்சு செய்கிறேன். எனக்கு வைத்தது மாக்குலாவில் அல்ல, விழித்திரையின் ஓரப்பகுதி முழுக்க, ஆயிரத்துக்கும் மேற்பட்ட புள்ளிகள். வேண்டாத புது ரத்தக்குழாய்கள் முளைத்துவிட்டிருந்தன, அவை வெடித்தால் கண்ணுக்குள் ரத்தம் நிரம்பும், இழுத்தால் விழித்திரையே பிய்ந்து வரும். லேசர் வைத்த பிறகு அவை வாடிப்போயின. அதற்கு ஒரு விலை உண்டு, மறைக்க மாட்டேன்: இருட்டில் பார்வை குறைந்தது, பக்கவாட்டில் வரும் ஆளைத் தாமதமாகத்தான் பார்க்கிறேன், ராத்திரியில் கார் ஓட்டுவதை விட்டுவிட்டேன். வைக்கும்போது பச்சை ஒளி பளிச் பளிச்சென்று அடிக்கும், கடைசிப் பகுதியில் கண்ணின் ஆழத்தில் சுருக்கென்று வலித்தது. ஆனால் நடுப்பார்வை நின்றது. என்னோடு சர்க்கரை வந்த நண்பர்களில் லேசருக்குப் போகாதவர்கள் சிலர் இப்போது பேரப்பிள்ளையின் கையைப் பிடித்துத்தான் கோயிலுக்கு வருகிறார்கள்.

கண்ணொளி

ஐயா எழுதியதை எல்லோரும் கவனமாகப் படியுங்கள். குழப்பம் முழுக்க இங்கேதான் இருக்கிறது. லேசர் என்ற ஒரே பெயரில் இரண்டு சிகிச்சைகள் நடக்கின்றன. மாக்குலா வீக்கத்துக்குச் சுடும் சிறிய லேசரின் இடத்தைத்தான் ஊசி பெருமளவு எடுத்துக்கொண்டது. ஐயாவுக்கு வைத்த ஓர லேசர் இன்றும் முதல் வரிசையில் நிற்கிறது.

அந்தப் புது ரத்தக்குழாய்களுக்கும் ஊசி போடலாம், 2015இல் வந்த ஆய்வில் இரண்டு வருடத்தில் ஓர லேசருக்குச் சளைக்காமல் வேலை செய்தது. ஆனால் அதில் ஒரு பொறி இருக்கிறது. ஊசியின் பலன் சில வாரங்கள், லேசரின் பலன் நிரந்தரம். ஊசி மட்டும் போட்டுக்கொண்டிருந்துவிட்டு நடுவில் பல மாதம் வராமல் போனவர்களுக்கு, லேசர் வைத்துவிட்டு வராமல் போனவர்களைவிடக் கண் மோசமாகிப்போனதைப் பிறகு வந்த ஆய்வுகள் காட்டின. விழித்திரை பிரிந்து வந்தவர்களும் உண்டு. அதனால் எந்தச் சிகிச்சை என்று கேட்கும்போதே, இவரால் தவறாமல் வர முடியுமா என்றும் கேட்க வேண்டும். வேலையை விட முடியாதவர், கூட்டிவர ஆள் இல்லாதவர், கடல் கடந்து வேலைக்குப் போகிறவர் என்றால் டாக்டர் ஓர லேசரை நோக்கிப் போவது பழமைவாதம் இல்லை, அந்த மனிதருக்கு ஏற்ற வைத்தியம். அப்பாவுக்குப் புது ரத்தக்குழாய் இருக்கிறதா என்று கேட்டீர்களா மலர்? அறிக்கையில் இருக்கும்.

இடது கண்: 6/6 பார்க்கிறார், லேசான வீக்கம். இப்படி நன்றாகப் பார்க்கும் வீங்கிய கண்களை வைத்தே 2019இல் ஒரு ஆய்வு வந்தது, 702 பேர். உடனே ஐலியா, உடனே லேசர், எதுவும் செய்யாமல் கவனித்து வந்து பார்வை குறைந்தால் மட்டும் ஊசி, இப்படி மூன்று வழி. இரண்டு வருடத்தில் பார்வை குறைந்தவர்கள் மூன்றிலும் ஏறக்குறைய ஒரே அளவு, 16 முதல் 19 சதவீதம். அதனால் இடதை ஒழுங்காக ஸ்கேன் எடுத்துக் கவனித்தால் போதும் என்று டாக்டர் சொன்னால் அவர் அலட்சியமாகச் சொல்லவில்லை.

பூபாசான் மலர்

அக்கா, அறிக்கையைத் தேடிப் பார்த்தேன், புது ரத்தக்குழாய் இல்லை என்று எழுதியிருக்கிறது. நிம்மதி. லேசர் சொன்ன டாக்டரிடம் மறுபடி கேட்டதில், மாதாமாதம் வர மாட்டார்கள் என்று நினைத்துத்தான் லேசர் சொன்னாராம். ஒரு வார்த்தை எங்களைக் கேட்டிருக்கலாம்.

அப்பாவின் கேள்வி ஒன்றுதான்: சாகும் வரை மாதாமாதமா?

கண்ணொளி

இல்லை. 2010 ஆய்வில் இருந்தவர்களை ஐந்து வருடம் தொடர்ந்து பார்த்தார்கள். முதல் வருடம் எட்டு, ஒன்பது ஊசி. இரண்டாம் வருடம் இரண்டு, மூன்று. மூன்றாம் வருடம் ஒன்று, இரண்டு. நாலாவது ஐந்தாவது வருடத்தில் பலருக்கு ஒன்றுமே தேவைப்படவில்லை. ஊசியில் தொடங்கி, லேசரை ஆறு மாதம் தள்ளிவைத்த குழுவில் பாதிக்கு மேற்பட்ட கண்களுக்கு அந்த ஐந்து வருடத்தில் லேசர் தேவையே படவில்லை. முதல் வருடம் மலையேறுகிற மாதிரி, அதை மட்டும் விடாமல் ஏறிவிடச் சொல்லுங்கள். மூன்றாவது ஊசியில் வித்தியாசம் தெரியவில்லை என்று நிறுத்துகிறவர்கள்தான் அதிகம். ஆறு ஊசிக்குப் பிறகும் மெல்லமெல்ல வீக்கம் இறங்கும் கண்கள் உண்டு.

புதிதாக ஃபாரிசிமாப் வந்திருக்கிறது, வாபிஸ்மோ என்ற பெயரில், 2022இல் அமெரிக்காவில் அனுமதி. விஇஜிஎஃப்போடு இன்னொரு புரதத்தையும் பிடிக்கிறது, பலருக்கு ஊசி இடைவெளியை நாலு மாதம் வரை நீட்ட முடிகிறது. விலைதான் பெரிது.

ரோஸ்ஹில் ரமணி

சென்னைக்குப் போய் ஒரேயடியாக முடிப்பது பற்றி: நாங்களும் யோசித்தோம். இந்த வைத்தியத்தில் ஒரேயடி என்பதே கிடையாது. முதல் ஊசி சென்னையில் போட்டு, இரண்டாவதுக்கு மறுபடி டிக்கெட் எடுக்க முடியுமா? இரண்டாவது கருத்து வேண்டுமென்றால் சங்கர நேத்ராலயாவோ மதுரை அரவிந்தோ போய் வாருங்கள், தப்பில்லை. ஆனால் வைத்தியம் வீட்டுக்குப் பக்கத்தில் இருக்கட்டும். மோக்காவில் நம் சுப்பிரமணிய பாரதி கண் மருத்துவமனை இருக்கிறது, அரசு மருத்துவமனை, இலவசம். முதலில் அங்கே சீட்டு வாங்கி, எந்த மருந்து போடுவார்கள், அடுத்த தேதி எப்போது கிடைக்கும் என்று கேளுங்கள். அம்மாவுக்கு வேறு ஒரு இடத்தில் தேதி மூன்று மாதம் தள்ளித் தந்தார்கள், அதற்குள் மறுபடி நீர் கோர்த்துவிட்டது. அதனால் தேதி கிடைத்ததும், "இரண்டு ஊசிக்கு நடுவில் இத்தனை நாள் சரியா டாக்டர்?" என்று வாய் திறந்து கேட்டுவிடுங்கள்.

சாந்தெனி வேலு

விமானம் என்றதும் நினைவுக்கு வந்தது. ஊசி போட்ட பிறகு விமானத்தில் போகலாம். ஆனால் விழித்திரை அறுவை செய்து கண்ணுக்குள் வாயு நிரப்பியிருந்தால் அது கரையும் வரை விமானம் ஏறவே கூடாது. மேலே போகப் போக வாயு விரிந்து கண் அழுத்தம் ஏறிப் பார்வையே போகலாம். வெளிநாட்டில் அறுவைக்குப் போகிற தீவுக்காரர்கள் திரும்பும் டிக்கெட் எடுப்பதற்கு முன்னால் இதைக் கேட்டுக்கொள்ள வேண்டும்.

குவாத்ர்போர்ன் தமிழாசிரியர்

கண்ணை மட்டும் பார்த்துக்கொண்டிருக்கிறோம். நம் மொரீஷியஸில் பெரியவர்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவருக்குச் சர்க்கரை. என் வயதுக்காரர்களுக்கு நினைவிருக்கும், 1987இல் அரசு பெரிய ஆய்வு நடத்தியபோதுதான் நிலைமை வெளியே வந்தது. அதற்குப் பிறகு, மக்கள் சமைக்கும் எண்ணெயைப் பாமாயிலிலிருந்து சோயா எண்ணெய்க்கு மாற்றினார்கள், ஐந்தே வருடத்தில் நாட்டின் சராசரி கொலஸ்டிரால் நன்றாக இறங்கியது. ஒரு முடிவு எடுத்தால் எவ்வளவு செய்ய முடியும் என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம். வீட்டிலும் அப்படித்தான். காலையில் தால் பூரி, சாயங்காலம் இனிப்பான அலூதா பானம், ராத்திரி ஊசி என்று இருந்தால் எந்த மருந்தும் பாவம் என்ன செய்யும்?

கண்ணொளி

ஐயா சொன்னதோடு கொஞ்சம் சேர்க்கிறேன். ரத்த அழுத்தம் சர்க்கரைக்குச் சமமாக முக்கியம், சிறுநீரகமும் பார்க்க வேண்டும், காலும் முகமும் வீங்குகிறவர்களுக்கு மாக்குலாவும் சேர்ந்து வீங்கும். பயோகிளிட்டசோன் மாத்திரை சாப்பிடுகிறாரா என்று பாருங்கள், அது உடலில் நீரைத் தேக்கும், கண் டாக்டரிடம் கட்டாயம் சொல்லுங்கள். நீங்களாக நிறுத்த வேண்டாம். கொழுப்புக்குக் கொடுக்கும் ஃபெனோஃபைப்ரேட் என்ற பழைய மாத்திரை சர்க்கரைக் கண்நோய் முற்றுவதைத் தாமதப்படுத்துகிறது. 2024இல் ஸ்காட்லாந்திலிருந்து வந்த ஆய்வும் அதையே காட்டியது. ஏற்றதா என்று கேட்டுப் பாருங்கள், சிறுநீரகம் பார்த்துத்தான் கொடுப்பார்கள்.

பயத்தில் சர்க்கரையை ஒரேயடியாகக் கீழே தள்ளவும் கூடாது. பல வருடம் ஏறியே இருந்தது சில வாரத்தில் வேகமாக இறங்கினால் கண்நோய் கொஞ்ச காலம் கூடுவதுண்டு. இறக்கத்தான் வேண்டும், டாக்டர் சொல்லும் வேகத்தில்.

பம்ப்ளமூஸ் சிவா

நான் கேட்ட தொனி கொஞ்சம் கடுமையாக இருந்திருக்கும். பதில்களுக்கு நன்றி. வீட்டிலிருந்தே கண்ணைச் சோதித்துப் பார்க்க வழி உண்டா? எனக்கு இன்னும் ஒன்றும் இல்லை என்றுதான் நினைக்கிறேன்.

கண்ணொளி

ஒவ்வொரு கண்ணாகப் பொத்திக்கொண்டு, படிக்கும் கண்ணாடி போட்டு, கட்டம் போட்ட நோட்டுத் தாளின் நடுப் புள்ளியைப் பாருங்கள். கோடு வளைந்தாலோ நடுவில் கறை தெரிந்தாலோ அந்த வாரமே போங்கள். இரண்டு கண்ணையும் திறந்து பார்த்தால் நல்ல கண் கெட்டதை மறைத்துவிடும், மலரின் அப்பாவுக்கு நடந்தது அதுதான். ஆனால் கோடு நேராக இருப்பதால் கண் நன்றாக இருக்கிறது என்று அர்த்தமில்லை. வருடத்துக்கு ஒரு தடவை விழித்திரைப் படம் எடுத்தே ஆக வேண்டும். சர்க்கரை இருந்தும் இதுவரை எடுக்கவில்லை என்றால், சிவா, இந்த வாரமே கேட்டு எடுத்துவிடுங்கள்.

பூபாசான் மலர்

ரமணி அக்கா எழுதியதை அப்பாவுக்கு இரண்டு தடவை படித்துக் காட்டினேன். "ஊசி கண் முன்னால் வராது" என்ற இடத்தில் நிறுத்தி மறுபடி படிக்கச் சொன்னார். வலது கண்ணுக்கு ஊசி, இடதைக் கவனிப்பது என்று ஒத்துக்கொண்டார். மோக்காவில் தேதி வாங்கிவிட்டோம்.

கடைசிச் சந்தேகம், காவடி. பத்து நாள் விரதம், அன்று காலை ஆற்றில் குளித்துத்தான் காவடி எடுப்பார்கள். ஊசித் தேதி அதற்கு நாலு நாள் முன்னால் வருகிறது.

கண்ணொளி

நாலு நாள் போதாது. ஊசி போட்ட துளை சின்னதுதான், ஆனால் ஆற்றுத் தண்ணீர் ஒரு வாரமாவது கண்ணில் படக் கூடாது. அதற்காக ஊசியைக் காவடிக்குப் பின்னால் தள்ளாதீர்கள், முன்னால் கொண்டுவர முடியுமா என்று கேளுங்கள். முதல் ஊசிதானே, ஒரு வாரம் முன்னால் தேதி கிடைத்தால் போதும். கிடைக்காவிட்டால் தலைக்கு ஊற்றாமல் கழுத்துக்குக் கீழே மட்டும் குளிக்கலாமா என்று குருக்களிடம் சொல்லிப் பாருங்கள், நோயாளிக்கு விட்டுக்கொடுப்பார்கள்.

விரதம் பற்றி சர்க்கரை டாக்டரிடம் இப்போதே பேசுங்கள். சைவச் சாப்பாட்டில் தவறே இல்லை. ஆனால் வெறும் வயிற்றில் ராத்திரி இன்சுலினை அதே அளவில் போட்டுக்கொண்டு வெயிலில் காவடி தூக்கி நடந்தால் சர்க்கரை சட்டென்று இறங்கும். அளவை எப்படி மாற்றுவது என்று அவரிடம் எழுதி வாங்குங்கள், பக்கத்தில் நடப்பவர் கையில் குளுக்கோஸ் இருக்கட்டும்.

ஊசி நாளில் வழக்கம்போலச் சாப்பிட்டு, மாத்திரையும் போட்டுக்கொண்டு வரட்டும். திரும்பும்போது தனியாக அனுப்பாதீர்கள், ஒரு கண் மங்கியிருக்கும், படி தெரியாது. பழைய ஓசிடி அறிக்கைகளைக் கையோடு கொண்டு போங்கள். ஊசிக்குப் பிறகு ஒரு வாரத்துக்குள் வலி கூடிக்கொண்டே போனாலோ, கண் சிவந்து பார்வை இறங்கினாலோ அது உறுத்தல் இல்லை, உள்ளே கிருமி. ஆயிரத்தில் ஒருவருக்கும் குறைவாகத்தான் வரும், ஆனால் வந்தால் சில மணி நேரத்திலேயே கண் போகலாம். ராத்திரி ஆனாலும் விடியட்டும் என்று காத்திருக்காமல் கூட்டிக்கொண்டு போங்கள். அங்கே அவசரத்துக்கு எந்த எண்ணில் கூப்பிட வேண்டும் என்று முதல் நாளே கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.